சோட்டோவும் துரோகி இல்லை, டேமனும் துரோகி இல்லை



இது நீளமான பதிவு. காபி போட்டு வைத்துக்கொண்டு படியுங்கள். பாதியில் விட்டுவிட்டுப் போகிறவர்களை இம்போசிஷன் எழுத வைக்க மாட்டேன், அந்த வயதெல்லாம் போய்விட்டது.

நியூ ஜெர்சியில் இருக்கும் என் தம்பி மகன் சென்ற வாரம் ஒரு படம் போட்டு என்னையும் டேக் செய்திருந்தான். பேஸ்பால் ஆட்டக்காரர் ஹுவான் சோட்டோவின் படம். அதன் மேல் சிவப்பு எழுத்தில் ஒரே வார்த்தை: துரோகி. என் பழைய மாணவர்கள் சிலர் அதற்கு லைக் போட்டிருந்தார்கள். பேஸ்பால் மட்டை உருண்டையா தட்டையா என்றுகூட அவர்களில் பாதிப் பேருக்குத் தெரியாது என்பது எனக்குத் தெரியும். அந்த வார்த்தைக்குத்தான் லைக். கோபமான வார்த்தை எங்கே கிடந்தாலும் நமக்குக் கை நீளுகிறது.

நான் கீழே, "அந்த வார்த்தையை எடுத்துவிடுடா" என்று எழுதினேன். அவன், "அத்தை, நீங்க பாஸ்டன் கட்சி. எங்க வலி உங்களுக்குப் புரியாது" என்று பதில் போட்டான். சிரிக்கிற முகம் வேறு.

எனக்கா புரியாது? அவன் பேஸ்பால் பார்க்க ஆரம்பிப்பதற்கு முன்னாலேயே அந்த வலியைப் பட்டவள் நான். அதைச் சொல்லிவிட்டு அவனிடம் வருகிறேன்.

2004 மே மாதம் பணி ஓய்வு பெற்றேன். ஜூலையில் மகள் பிரசவத்துக்காக பாஸ்டன் போனேன். போகும்போது பெட்டியில் சுக்கு, திப்பிலி, பூண்டு, பிரசவ லேகியம். ஆறு மாதம் இருந்துவிட்டுத் திரும்பும்போது மண்டைக்குள் முழுக்க பேஸ்பால்.

காரணம் எளிது. செப்டம்பரில் பேரன் பிறந்தான். பகலெல்லாம் தூங்குவான், ராத்திரி பதினொன்றுக்கு விழிப்பான். மகள் தூங்கட்டும் என்று நான் மடியில் போட்டுக்கொண்டு ஹாலில் உட்காருவேன். அங்கே மாப்பிள்ளை டிவி முன்னால் இருப்பார். அக்டோபர் மாதம் பாஸ்டனில் எந்த வீட்டிலும் ரெட் சாக்ஸ் ஆட்டம்தான். அந்த அணி 1918க்குப் பிறகு கோப்பை வென்றதில்லை. 86 வருஷம்! 1919 கடைசியில் அப்போதைய முதலாளி ஹாரி ஃப்ரேஸீ, தன் மிகப் பெரிய ஆட்டக்காரர் பேப் ரூத்தை நியூயார்க் யாங்கீஸ் அணிக்கு ஒரு லட்சம் டாலருக்கு விற்றார். அந்தச் சாபம்தான் பிடித்து ஆட்டுகிறது என்று படித்தவர்களே அங்கே பேசிக்கொண்டார்கள். நம் ஊரில் சாபம் என்றால் மூடநம்பிக்கை, பாஸ்டனில் என்றால் பாரம்பரியம். போகட்டும்.

அந்த அக்டோபரில் அதே யாங்கீஸிடம் முதல் மூன்று ஆட்டமும் தோல்வி. மூன்றாவது ஆட்டத்தில் 19க்கு 8 என்று அவமானம். ஏழு ஆட்டத் தொடரில் மூன்றும் தோற்ற பிறகு மீண்டு வந்த அணி அதுவரை பேஸ்பாலில் கிடையாது. இவர்கள் வந்தார்கள். நாலாவது ஆட்டம் 12 இன்னிங்ஸ், ஐந்தாவது 14 இன்னிங்ஸ், ஆறாவதும் ஜெயம். ஏழாவது ஆட்டம் நியூயார்க்கில், எதிரி மண்ணில். அன்றுதான் ஜானி டேமன் என் ஆள் ஆனார்.

தோள் வரை முடி, முகம் நிறையத் தாடி, சட்டை எண் 18. இரண்டாவது இன்னிங்ஸில் மூன்று பேர் களத்தில் நிற்க ஒரு ஹோம் ரன். ஒரே அடியில் நாலு ரன், அதற்கு கிராண்ட் ஸ்லாம் என்று பெயர். நாலாவது இன்னிங்ஸில் இன்னொரு ஹோம் ரன். 10க்கு 3 என்று முடிந்தது. மாப்பிள்ளை கத்தியதில் பேரன் பயந்து அழுதான். நானும் அழுதேன், பயத்தால் அல்ல. பிறகு உலகத் தொடரிலும் நாலுக்கு நாலு. கடைசி ஆட்டத்தின் முதல் அடியே டேமனின் ஹோம் ரன். அன்று ராத்திரி முழுச் சந்திர கிரகணம் வேறு. ஊரே தெருவில் கூத்தாடியது. நான் மட்டும் பச்சைக் குழந்தையை வைத்துக்கொண்டு கதவைத் திறக்க மாட்டேன் என்று பிடிவாதமாக உட்கார்ந்திருந்தேன்.

ஊருக்குத் திரும்பிய பிறகும் நான் விடவில்லை. மாப்பிள்ளை போன் செய்தால் முதல் கேள்வி குழந்தை, இரண்டாவது டேமன். பேரனுக்கு 18 போட்ட குட்டிச் சட்டை வாங்கியிருந்தார்கள்.

2005 டிசம்பர். மாப்பிள்ளை போனில், "அத்தை, டேமன் யாங்கீஸுக்குப் போயிட்டான்" என்றார். எப்போதும் "அவர்" என்று சொல்கிறவர், அன்று "போயிட்டான்" ஆகிவிட்டது. பாஸ்டன் கொடுக்க முன்வந்தது நாலு வருஷத்துக்கு 4 கோடி டாலர். யாங்கீஸ் தந்தது 5 கோடியே 20 லட்சம். அந்த அணியில் தாடி, நீள முடி கூடாது என்று விதி (2025இல்தான் தாடிக்கு இறங்கி வந்தார்கள்). டேமன் சிரைத்துக்கொண்டு, முடியை வெட்டிக்கொண்டு, வங்கி மேனேஜர் மாதிரி நின்ற படத்தை மாப்பிள்ளை அனுப்பினார். பார்த்துவிட்டு அன்று ராத்திரி நான் சாப்பிடவில்லை. 59 வயதில், பதினாயிரம் கிலோமீட்டருக்கு அப்பால், முன்பின் தெரியாத ஒரு மனிதனுடைய தாடிக்காக. இதை எழுத வெட்கமாகத்தான் இருக்கிறது, ஆனால் உண்மை. அதே வருஷம் மே மாதம் அவரே யாங்கீஸுக்குப் போக மாட்டேன் என்ற பொருள்பட பேசியிருந்தார் என்பது இன்னும் எரிச்சல். அப்படிப் பேசியிருக்கக் கூடாது. அது ஒன்றில் இன்றும் எனக்கு அவர்மேல் வருத்தம் உண்டு.

2006 மே 1 அன்று பாஸ்டன் மைதானமான ஃபென்வே பார்க்குக்கு அவர் யாங்கீஸ் சட்டையில் வந்தார். மொத்தக் கூட்டமும் ஊளையிட்டது. யூதாஸ் என்று அச்சடித்த பனியன்கள் விற்பனை. டேமன் என்ன செய்தார்? ஹெல்மெட்டைக் கழற்றிக் கூட்டத்தை நோக்கித் தூக்கிக் காட்டினார். கும்பிடு போடுவதுபோல. அதன் பிறகு ஆடப் போனார்.

அந்தக் காட்சி என்னை என்னவோ செய்தது. ஏன் என்று பின்னால் சொல்கிறேன். அன்றிலிருந்துதான் இந்த விஷயத்தைச் சரித்திர டீச்சராக யோசிக்க ஆரம்பித்தேன். யோசிக்க யோசிக்க என் கோபத்துக்கு நானே மார்க் போட்டேன்: பூஜ்யம்.

முதலில், துரோகம் என்றால் வாக்கு முறிய வேண்டும். டேமன் பாஸ்டனோடு போட்டது நாலு வருஷ ஒப்பந்தம். 2002 முதல் 2005 வரை நாலு வருஷமும் ஆடினார், கோப்பையும் வாங்கிக் கொடுத்தார். கடன் முடிந்தது. அதற்கு முன் அவர் கான்சாஸ் சிட்டியில் ஆடினார், பிறகு ஓக்லண்டில். ஓக்லண்டை விட்டு பாஸ்டனுக்கு வந்தபோது அவரைத் துரோகி என்று பாஸ்டனில் யாராவது சொன்னார்களா? நம் வீட்டுக்கு வரும் மருமகள் லட்சுமி, நம் வீட்டை விட்டுப் போகிறவள் மட்டும் மூதேவியா?

இரண்டாவது இன்னும் மோசம். நான் போய் இறங்கிய அதே ஜூலை மாதம், 31ஆம் தேதி, ரெட் சாக்ஸ் அணி நோமார் கார்சியபாராவை சிகாகோவுக்கு அனுப்பியது. பேட்டிங்கில் இரண்டு முறை முதலிடம் பிடித்தவர். 1996 முதல் அந்த ஊரின் செல்லப் பிள்ளை. சீசன் பாதியில் மூட்டை கட்டச் சொல்லிவிட்டார்கள். எண் 5 போட்ட அவர் சட்டை மாப்பிள்ளையிடமே இருந்தது. இரண்டு நாள் முணுமுணுத்தார். மூன்றாம் நாள், "டீமுக்கு நல்லதுதான் அத்தை" என்றார். கோப்பை வந்த பிறகு அது மகா புத்திசாலித்தனம் ஆகிவிட்டது. 2020 பிப்ரவரியில் மூக்கி பெட்ஸ். 2018இன் மிகச் சிறந்த ஆட்டக்காரர் விருது பெற்றவர். அவரையும் லாஸ் ஏஞ்சலஸுக்கு அனுப்பினார்கள். பதினைந்து வயதுப் பேரன் அறைக் கதவைச் சாத்திக்கொண்டான். முதலாளியைத் திட்டினார்கள், இல்லை என்று சொல்லவில்லை. ஆனால் அடுத்த சீசனுக்கும் அதே சட்டையைத்தான் போட்டுக்கொண்டார்கள். அணி ஆளை அனுப்பினால் வியாபாரம். ஆள் அணியை விட்டால் துரோகம். இது என்ன நியாயம்?

இதற்கு ஒரு சரித்திரம் இருக்கிறது. வகுப்பில் சொல்லாத பாடம், இப்போது சொல்கிறேன்.

அமெரிக்க பேஸ்பாலில் ஏறக்குறைய நூறு வருஷம் ரிசர்வ் விதி என்று ஒன்று இருந்தது. ஒப்பந்தம் முடிந்தாலும் ஆட்டக்காரர் அந்த அணிக்கே சொந்தம். அணி அவரை விற்கலாம், மாற்றலாம், வீட்டுக்கு அனுப்பலாம். அவர் மட்டும் வேறு அணிக்குப் போக முடியாது. நம் பக்கத்துப் பண்ணையாள் முறையைக் கேள்விப்பட்டவர்களுக்கு விளக்க வேண்டியதில்லை. சம்பளம் மட்டும்தான் வித்தியாசம். ஜாக்கி ராபின்சனையே 1956 டிசம்பரில் டாட்ஜர்ஸ் அணி தன் பரம எதிரியான ஜயண்ட்ஸுக்குத் தள்ளிவிட்டது. அவர் போகவில்லை, ஆட்டத்திலிருந்தே ஓய்வு பெற்றுவிட்டார். எதிரிக்கு விற்றது யார்? ஆட்டக்காரரா, அணியா?

1969இல் கர்ட் ஃப்ளட் என்பவரை செயின்ட் லூயிஸ் அணி ஃபிலடெல்ஃபியாவுக்கு மாற்றியது. பன்னிரண்டு சீசன் ஆடியவர், டேமன் மாதிரியே நடுக்களத்தைக் காத்தவர், கறுப்பினத்தவர், வயது 31. அவரை ஒரு வார்த்தை கேட்கவில்லை. கிறிஸ்துமஸுக்கு முதல் நாள் அவர் பேஸ்பால் ஆணையருக்குக் கடிதம் எழுதினார்: என் விருப்பத்தைக் கேட்காமல் வாங்கி விற்பதற்கு நான் சரக்கு அல்ல என்பது அதன் சாரம். வழக்குப் போட்டார். வருஷம் 90,000 டாலர் சம்பளம் வாங்குகிறவனுக்கு என்ன அடிமைப் பேச்சு என்று கேட்டார்கள். நல்ல சம்பளம் வாங்கினாலும் அடிமை அடிமைதான் என்று பதில் சொன்னார். வழக்கு நடந்தபோது அந்தச் சமயம் ஆடிக்கொண்டிருந்த ஒரு வீரர்கூட நீதிமன்றத்தில் வந்து உட்காரவில்லை. ஓய்வு பெற்றிருந்த ராபின்சன் வந்து சாட்சி சொன்னார். 1972இல் உச்ச நீதிமன்றம் 5க்கு 3 என்று ஃப்ளட்டுக்கு எதிராகத் தீர்ப்பளித்தது. அவர் ஆட்ட வாழ்க்கை அதற்குள் முடிந்திருந்தது. 1997இல் 59 வயதில் இறந்தார். அவர் இடித்த சுவர் 1975 டிசம்பரில், வேறு இரண்டு பந்துவீச்சாளர்கள் கேட்ட நடுவர் தீர்ப்பில், சரிந்தது. இன்று ஆறு சீசன் ஆடி முடித்து ஒப்பந்தமும் தீர்ந்தவர் தன் இடத்தைத் தானே தேடிக்கொள்ளலாம். ஃப்ளட்டுக்குக் கிடைக்காதது அது.

இப்போது தம்பி மகனே, உன்னிடம் வருகிறேன்.

உன் சோட்டோவின் கணக்கைப் பார். வாஷிங்டன் அணியில் வளர்ந்தார், 2019இல் கோப்பை வென்று கொடுத்தார். 2022இல் 15 வருஷத்துக்கு 44 கோடி டாலர் தருகிறோம் என்றார்கள். வேண்டாம் என்றார். சில வாரத்தில் சான் டியாகோவுக்குத் தள்ளிவிட்டார்கள். 2023 டிசம்பரில் சான் டியாகோ அவரை உங்கள் யாங்கீஸுக்குத் தள்ளியது. நியூயார்க்குக்கு வருகிறாயா என்று அவரைக் கேட்டு அழைத்துவரவில்லை. அன்று நீ எனக்கு அனுப்பிய செய்தியில் எத்தனை பட்டாசு! ஒரே ஒரு சீசன் ஆடினார். 2024இல் பத்தாவது இன்னிங்ஸில் அவர் அடித்த ஹோம் ரன்தான் உங்களை உலகத் தொடருக்குக் கொண்டுபோனது. அந்த டிசம்பரில், வாழ்க்கையில் முதல் தடவையாக, எங்கே ஆடுவது என்று அவரே முடிவெடுத்தார். அதே நியூயார்க்கின் இன்னொரு அணியான மெட்ஸ், 15 வருஷம், 76 கோடியே 50 லட்சம் டாலர்.

இரண்டு தடவை அவரைக் கேட்காமல் மாற்றியபோது யாரும் துரோகி இல்லை. அவர் வாய் திறந்து முடிவு சொன்ன அன்று துரோகி. உன் கோபம் அவர் போனதற்கா, அவர் தேர்ந்தெடுத்ததற்கா? யோசித்துச் சொல்.

"பேராசை அத்தை" என்பாய். யாங்கீஸும் 76 கோடி வரை போனதாகத்தானே செய்தி வந்தது? அந்தப் பணத்தை அவர் வாங்காவிட்டால் அது கோயில் உண்டியலுக்கா போகப்போகிறது? டேமன் விட்டுக்கொடுத்திருந்தால் அந்த ஒரு கோடியே இருபது லட்சம் டாலர் பாஸ்டன் ஏழைகளுக்கா போயிருக்கும்? முதலாளி பையில் இருந்தால் அது மூலதனம், ஆட்டக்காரன் பைக்கு வந்தால் பேராசையா? டிக்கெட் விலையை ஏற்றுகிறவனை விட்டுவிட்டு, வெயிலில் நின்று ஓடுகிறவனைப் பிடித்துக்கொள்கிறாய். நீயே எட்டு வருஷத்தில் மூன்று கம்பெனி மாறியவன். ஒவ்வொரு தடவையும் பாராட்டி இந்த அத்தைதான் ஸ்வீட் வாங்கி அக்கம்பக்கத்துக்குக் கொடுத்தேன். பழைய மேனேஜர் உன் படத்தைப் போட்டு என்ன எழுதினார் என்று கேட்கவில்லை.

கிரிக்கெட் பிள்ளைகளே, நீங்களும் சிரிக்காதீர்கள். நம் அஸ்வின் 2015 வரை சென்னை, பிறகு புனே, பஞ்சாப், டெல்லி, ராஜஸ்தான் என்று சுற்றி 2025இல் திரும்பி வந்தார். ஏலத்தில் பெயர் கூப்பிட்டுப் பலகை தூக்கி வாங்குவதைக் குடும்பத்தோடு உட்கார்ந்து பார்க்கிறோம். நமக்கு அது கொஞ்சமும் உறுத்தவில்லை. பழகிவிட்டது.

வருத்தப்படக் கூடாது என்று நான் சொல்லவே இல்லை. வருத்தப்படு. சாப்பிடாமல் படு, நான் படுத்ததுபோல. ஒரு மனிதனின் நடையை, மட்டை பிடிக்கும் விதத்தை நூறு ராத்திரி பார்த்திருக்கிறோம். அவன் நம் வீட்டு ஆள் மாதிரி ஆகிவிடுகிறான். அவன் எதிரி சட்டையில் நிற்கும்போது வயிற்றில் ஏதோ பிசைகிறது. அது உண்மையான வலி. ஆனால் அந்த வலி உன் அன்பின் செலவு. அதற்கான பில்லை அவனிடம் நீட்டாதே. அவன் உனக்கு ஆட்டம் தந்தான், வாழ்க்கையைத் தருவதாகச் சொல்லவில்லை. 2009இல் டேமன் யாங்கீஸோடு கோப்பை வென்றார். மாப்பிள்ளை டிவியை அணைத்துவிட்டார். நான் இங்கே தனியாகக் கைதட்டினேன். அவரிடம் இன்றுவரை சொல்லவில்லை. இப்போது படித்துத் தெரிந்துகொள்வார்.

2025 மே 16 அன்று சோட்டோ மெட்ஸ் சட்டையில் யாங்கீஸ் மைதானத்துக்கு வந்தார். உன் கூட்டம் ஊளையிட்டது. அவரும் ஹெல்மெட்டைத் தூக்கிக் காட்டினார். டேமன் செய்த அதே காரியம். அதைப் பார்த்த பிறகுதான் இதை எழுத உட்கார்ந்தேன். ஏன் என்று பின்னால் சொல்கிறேன் என்றேன் அல்லவா?

1987. எங்கள் பள்ளியில் பி.டி. டீச்சர் நீண்ட விடுப்பில் போய்விட்டார். கோ-கோ அணி என் தலையில். எனக்கு விதியே சரியாகத் தெரியாது. ஆனால் அணியில் ஒரு பெண் இருந்தாள். ஓடினால் பிடிக்க முடியாது. கம்பத்தைச் சுற்றித் திரும்பும்போது கால் தரையில் படுகிறதா என்றே சந்தேகமாக இருக்கும். அவளால் இரண்டு வருஷம் கோப்பை எங்களுக்கு. என் அணி, என் கோப்பை என்று ஸ்டாஃப் ரூமில் நான் அலட்டிய அலட்டல் அந்தக் கால டீச்சர்களுக்கு ஞாபகம் இருக்கும்.

பத்தாவது முடிந்ததும் அவள் ஊரின் இன்னொரு பள்ளிக்குப் போய்விட்டாள். எங்கள் நேர் எதிரி. அங்கே ஹாஸ்டல் உண்டு, மூன்று வேளைச் சாப்பாடு உண்டு. எனக்கு அது தெரியும். தெரியாமல் செய்தேன் என்று இன்று சொன்னால் பொய்.

அடுத்த ஜோனல் போட்டியில் எதிர் அணிச் சட்டையில் அவள் வந்தபோது எங்கள் பெண்கள் "துரோகி, துரோகி" என்று கத்தினார்கள். நான் அடக்கவில்லை. ஆட்டம் தொடங்குவதற்கு முன் அவள் நேராக என்னிடம் வந்து, "வணக்கம் டீச்சர்" என்று கைகூப்பினாள். நான் முகத்தைத் திருப்பிக்கொண்டு பக்கத்து டீச்சரிடம், "நன்றி கெட்டதுங்க" என்றேன். அவள் காதில் விழும்படி. அவள் கொஞ்ச நேரம் அப்படியே நின்றாள். பிறகு போய் ஆடினாள். எங்களைத் தோற்கடித்தாள்.

பதினாறு வயதுப் பெண். நான் நாற்பது வயதை எட்டியவள், சம்பளம் வாங்குகிறவள். அந்த ஒரு வருஷம் நான் செய்தது போதாதென்று அவள் கல்யாணப் பத்திரிகை வந்தபோதும் போகவில்லை. வேலை இருந்தது என்று சொல்லிக்கொண்டேன். டேமன் ஹெல்மெட்டைத் தூக்கியபோது எனக்குத் தெரிந்தது அந்தக் கைகூப்பல்தான். பத்தொன்பது வருஷமாக அதைப் பார்த்துக்கொண்டிருக்கிறேன்.

தம்பி மகனே, அந்தப் படத்தை எடுத்துவிடு. எடுக்காவிட்டாலும் பொங்கலுக்கு வா, சண்டையை நேரில் போடலாம்.

1987இல் பத்தாம் வகுப்பு முடித்த என் மாணவிகள் இந்தப் பக்கத்தில் ஏழெட்டுப் பேர் இருக்கிறீர்கள். நான் யாரைச் சொல்கிறேன் என்று உங்களுக்குத் தெரியும். அவளுடைய நம்பர் உங்களில் யாரிடமாவது இருந்தால் எனக்குத் தனியாக அனுப்புங்கள். கமெண்டில் பெயரையோ நம்பரையோ போட வேண்டாம்.